மக்பேலாவில் ராகேல் இல்லை

எங்கள் வீட்டில் அப்பாவை எங்கே புதைப்பது என்பது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடி போகிற பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். நோய் நொடி என்று ஒருநாள் படுத்ததில்லை. ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்ன கையோடு, "என்னைய அவ குழியிலதான் வைக்கணும், மறந்துறாதீங்க" என்பார். அம்மா சோற்றைப் போடுவாள்.

'அவ' என்றது அம்மாவை இல்லை. அம்மாவின் அக்காவை. அப்பாவுக்கு முதல் மனைவி, எனக்குப் பெரியம்மா. நான் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், அப்பா பட்டாளத்தில் இருந்தபோது, பிரசவத்தில் பிள்ளையோடு சேர்ந்து இறந்துபோனவள். அப்பா திரும்பி வந்த பிறகு அவருக்கு அம்மாவைக் கட்டிவைத்தார்கள். அக்கா போன வீட்டுக்குத் தங்கையை அனுப்புவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அம்மாவிடம் சம்மதம் கேட்டார்களா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "கேக்காம என்ன, வீட்டுக்கு வந்தவுக எல்லார்கிட்டயும் காப்பி நல்லா இருக்கான்னுகூடக் கேட்டாக" என்றாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். ஏழெட்டு வயதில் ஒருநாள் அப்பாவின் குழிப் பேச்சு பொறுக்காமல், "அப்ப அம்மாவ எங்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மாதான் பதில் சொன்னாள். "எனக்கென்னடி, நான் எங்கிட்டாவது கெடந்துக்கிறேன். நீ சோத்தத் தின்னு."

அப்பாவுக்கு இந்த எண்ணம் உள்ளூரில் வந்ததில்லை. கடல் கடந்து போன இடத்தில் வந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அவர் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டு பாலஸ்தீனத்தில் இருந்தார். எப்ரோன் என்கிற மலை ஊருக்குப் பக்கத்தில் சில வாரம் முகாம். ஆபிரகாமும் சாராளும் அவர்களுடைய பிள்ளை பேரப்பிள்ளைகளும் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிற மக்பேலா குகை அந்த ஊரில்தான் இருக்கிறது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். வேத ஊர்களையெல்லாம் மாதா கோயில் பிரசங்கத்தில் மட்டும் கேட்டிருந்த மனிதருக்கு, லாரி நிறுத்துகிற இடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஆபிரகாமின் கல்லறை என்றால் எப்படி இருந்திருக்கும். முதல் லீவு நாளிலேயே போய்விட்டார்.

கூடப் போனவர் ஒரு மீமிசல்காரர். அப்பாவின் லாரிக் கம்பெனியில் இருந்த முஸ்லிம் சிநேகிதர். பட்டாளத்தைவிட்டு வந்தபின் மீமிசலில் கருவாட்டு வியாபாரம் செய்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஓலைக் கொட்டானில் கருவாட்டைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களிடமெல்லாம் வம்பளந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். நான் அவரை மீமிசல் மாமா என்பேன். அவர் வந்துவிட்டால் அன்றைக்கு எப்ரோன் கதைதான். வெளியே நடந்ததை அப்பா சொல்வார், உள்ளே இருந்ததை மாமா சொல்வார். ஏனென்றால் உள்ளே போனது மாமா மட்டும்தான். குகைக்கு மேலே இருந்தது பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர்கள் வெளிப்படிக்கட்டில் ஏழாவது படிக்கு மேல் ஏறக் கூடாது. ஏறக்குறைய எழுநூறு வருஷமாக அப்படித்தானாம்.

"ஒங்கப்பன் உடுப்புல எழுதியா இருந்துச்சு வேதக்காரன்னு? கம்முனு என் பின்னாடி வாடான்னேன். பெரிய அரிச்சந்திரன், படியிலயே ஒக்காந்துக்கிட்டான்" என்பார் மாமா.

"பொய் சொல்லிட்டு ஆபிரகாம்கிட்டப் போகச் சொல்றியா?" என்பார் அப்பா.

உள்ளே பெரிய கூடங்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, வீடு போலக் கட்டிய கல்லறைகள். அவற்றின்மேல் ஜரிகை போட்ட போர்வைகள். ஆண்களுடையதற்குப் பச்சை, பெண்களுடையதற்குச் சிவப்பு. மாமா நபிமாருக்கு சலாம் சொல்லி, ஓதி முடித்து எழுந்தபோது தரையில் ஒரு வட்டத் துவாரத்தைப் பார்த்தார். அதற்குள் சங்கிலியில் ஒரு விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஊழியம் செய்கிற பெரியவரிடம் சைகையில் கேட்டார். அவர் போர்வை போட்ட கல்லறைகளைக் காட்டிக் கையை ஆட்டினார். பிறகு தரைக்குக் கீழே காட்டினார்.

"மேல இருக்கிறதெல்லாம் அடையாளம்தான் தாயீ. நெசமான கபுர் கீழ, குகையில. அங்க யாரும் எறங்குறது இல்ல. யாரும் பாத்ததும் இல்ல" என்று மாமா சொல்லும்போது அம்மா எந்த வேலையாக இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கேட்பாள். கதையில் அவளுக்குப் பிடித்த இடம் அது என்று நான் நினைத்திருந்தேன்.

வெளியே அப்பா உட்கார்ந்திருந்த படிகளுக்குப் பக்கத்தில், ஜெருசலேமிலிருந்து வந்த ஒரு யூதக் கிழவரும் கிழவியும் நின்றார்கள். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்த யூதர்கள், முன்னே நடந்த கலவரத்தில் செத்தவர்கள் போக மிச்சப் பேர், ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்களாம். கிழவி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு உதடு அசைய நின்றாள். அந்தச் சுவரில் ஒவ்வொரு கல்லும் எங்கள் வீட்டு முற்றத்தை அடைக்கும் என்பார் அப்பா. அப்பாவிடம் கிழவர் என்னவோ சொல்லிப் பார்த்தார், புரியவில்லை. நாலு விரலைக் காட்டினார். அப்புறம் இரண்டு விரலை ஒட்டவைத்துக் காட்டினார். அப்பாவுக்கு அதுவும் புரியவில்லை. முகாமுக்குத் திரும்பிப் பட்டாளத்துப் பாதிரியாரிடம் கேட்டார்.

நாலு ஜோடி என்று பாதிரியார் விளக்கினார். யூதர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது அது. ஆதாமும் ஏவாளும், ஆபிரகாமும் சாராளும், ஈசாக்கும் ரெபெக்காளும், யாக்கோபும் லேயாளும். ஆபிரகாம் அந்த நாட்டில் பிழைக்க வந்த அந்நியர். சாராள் செத்தபோது அவளைப் புதைக்க அவருக்கு ஒரு சாண் மண் கிடையாது. ஊர்க்காரர்கள் சும்மாவே தருகிறோம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. நாளைக்கு யாரும் பேச்சு மாறக் கூடாது என்று ஊர் முன்னால் விலைகொடுத்து, நிலத்தோடும் மரங்களோடும் குகையை வாங்கினார். கடவுள் அவருக்குத் தருவதாகச் சொன்ன அவ்வளவு பெரிய தேசத்தில் அவர் கைக்குச் சொந்தமாக வந்தது முதலில் பெண்டாட்டியின் குழிதான். பிறகு ஏரோது ராஜா அதைச் சுற்றி மதில் கட்டினான். மதிலுக்குள் கிறிஸ்தவக் கோயில் வந்தது, பள்ளிவாசல் வந்தது, சிலுவைப் போர்க்காரர்கள் வந்து மறுபடி கோயில் ஆக்கினார்கள், மறுபடி பள்ளிவாசல் ஆயிற்று. ஆள் மாற மாற மேலே கட்டடம் மாறியது.

இதையெல்லாம் கேட்ட அன்றைக்கு அப்பா தீர்மானம் செய்துகொண்டார், ஊருக்குப் போனதும் தனக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஓர் இடம் கேட்டு வைத்துவிட வேண்டும் என்று. வயதான காலத்து யோசனை எதற்கு இந்த வயதில் என்று மாமா கேலி செய்தார். பெரியம்மா மாசமாக இருந்ததும், பிறக்கப்போகிற பிள்ளையும்தான் அப்பாவின் நினைப்பு. ஊரிலிருந்து தகவல் அவருக்குப் பிந்திதான் போய்ச் சேர்ந்தது. அப்பா அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா மண்ணுக்குள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தக் கணக்கை அவர் எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கொல்லையில் நின்றார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே மறுபடி சண்டை மூண்டு, நாடு துண்டானது. எப்ரோன் ஜோர்டான் ராஜா பக்கம் போயிற்று. அதற்குப் பிறகு யூதர்கள் அந்த ஏழாம் படிக்குக்கூட வர முடியாமல் ஆயிற்று. திருமயத்து டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களிடம் அப்பா இதை வருஷக்கணக்காக விசாரித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கெழவி இப்ப எந்தச் செவத்துல முட்டிக்கிறாளோ" என்பார்.

கோயிலில் ஞானோபதேச வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு சங்கதி தெரியவந்தது. யாக்கோபு ஆசைப்பட்டது ராகேல்மேல். மாமனார் ஏமாற்றி, முக்காட்டைப் போட்டு, அவள் அக்கா லேயாளைக் கட்டிவைத்துவிட்டார். பிறகு யாக்கோபு ராகேலையும் கட்டினார். ராகேல் பயணத்தில் பிரசவ வலி கண்டு செத்தாள். அவளை வழியிலேயே புதைத்துவிட்டுப் போனார்கள். அக்கா தங்கை, ஒரே புருஷன், பிரசவத்தில் சாவு. எனக்கு வகுப்பிலேயே உடம்பு சுட்டது. மீமிசல் மாமா வந்திருந்த ஒரு மத்தியானம் இரண்டு பேரையும் மடக்கினேன்.

"யாக்கோபுக்குப் பக்கத்துல இருக்கிறது லேயாதான? ராகேல் எங்க?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அவ வழியில செத்துட்டா. கொண்டுபோக முடியல" என்றார்.

"அப்ப ஆசைப்பட்டவ ரோட்டோரத்துல, ஆசைப்படாதவ புருசன் பக்கத்துல."

"அதுக்குத்தான் சொல்றேன். என் விசயத்துல அப்படி ஆகிறக் கூடாது" என்றார் அப்பா. அவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பை ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் துணி துவைக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்த லேயாப் பிள்ள, தன்னைய அங்க வைக்கச் சொல்லிக் கேட்டாளாமா?"

"அதெல்லாம் எழுதலம்மா."

"கேட்டிருக்க மாட்டா" என்றாள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் செம்புறாங்கல் பூமி, மேல் மண்ணுக்கு அடியில் செம்பாறை. கோயில் வழக்கப்படி கட்டாத குழிகளைச் சில வருஷம் கழித்து வேறு ஆளுக்கு மறுபடி தோண்டுவார்கள். கட்டினால் அது குடும்பத்துக்கு. அப்பா பட்டாளத்திலிருந்து வந்தவுடன் பங்குச் சாமியாரிடம் சொல்லி, மதில் ஓரமாக இருந்த பெரியம்மாவின் மண்மேட்டைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டார். இரண்டு பேருக்குக் காணுகிற அகலம். மேலே பலகைக்கல்லை நெம்பித் திறக்கிற மாதிரி வைத்திருந்தார். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் அம்மாதான் அதற்கு வெள்ளையடிப்பாள். சுண்ணாம்பில் நீலம் கலந்து, மட்டை வைத்து, மூலை முடுக்கெல்லாம் பூசுவாள். செவ்வந்தி மாலை, மெழுகுதிரி, சாம்பிராணி. சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரும்போது அப்பா அந்தக் கல்லில் தலையை வைத்து அழுவார். ஆண்பிள்ளை இப்படி அழலாமா என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

அம்மா அங்கே அழ மாட்டாள். ஒரு மெழுகுதிரியைத் தனியாக எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கீழ்க்கோடிக்குப் போவாள். அங்கே காலராப் பேதி வந்த வருஷத்தில் புதைத்த மேடுகள் வரிசையில்லாமல் கிடக்கும், முக்கால்வாசி தரைமட்டமாகி. நடுவில் எங்கேயாவது திரியை ஊன்றிவிட்டு வருவாள். யாருக்கு என்று கேட்டால், "கேக்க ஆளு இல்லாதவுகளுக்கு" என்பாள். நான் வெள்ளையடித்த கல்லறையையும் அம்மாவின் சுண்ணாம்பு அரித்த விரல்களையும் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அந்த இடம் அம்மாவுக்கு வர வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது. செத்தவளோடு சண்டை போட முடியாது என்பதால் அப்பாவோடு போட்டேன்.

நான் புதுக்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போனார். திருமயத்தில் கோட்டைக்குக் கீழே பஸ்ஸை ஒழுங்காக ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே அவரைக் கொண்டுவந்தார்கள். பயணிகள் இறங்காமல் எங்கள் ஊர் வரைக்கும் கூட வந்தார்கள். என்னோடு சண்டை போட இனி ஆள் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் குழி வெட்டப் போன சித்தப்பா, அப்பாவின் தம்பி, வேர்த்து விறுவிறுத்து வந்து அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். நானும் போனேன். அவர் பெரியம்மா இறந்த காலத்தில் இலங்கையில் தோட்ட வேலைக்குப் போயிருந்தவர்.

"மதினி, ஒரு மாதிரியா இருக்கு. மேல் கல்ல நெம்பிட்டு உள்ள தோண்டுனா, கொஞ்சம் மேல் மண்ணு, அப்பொறம் ஒரே செம்புறாங்கல்லு. கடப்பாரை எகிறுது. குழி வெட்டுறவரு சொல்றாரு, இது மனுசக் கை படாத தரை, இங்க யாரையும் பொதைக்கவே இல்லன்னு. அது சும்மா கொட்டி வச்ச மண்மேடாம்." அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்ப பெரிய மதினி எங்க இருக்காக?"

அம்மா பதறவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். உள்ளே அப்பாவைக் கிடத்தியிருந்த பக்கம் ஒருதரம் பார்த்தாள். "அங்கனயே தோண்டுங்க தம்பி. எறங்குற மட்டும் ஒடச்சுத் தோண்டுங்க. அதுதான் அக்கா எடம்னு நெனச்சு இருந்துட்டாக. அப்படியே இருக்கட்டும்."

"சாமியாருக்கு..."

"யாருக்கும் சொல்ல வேணாம். ஒங்களக் கும்புடுறேன்."

சாயங்காலம் பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுக்கில் இருக்கிற பூவரச மரம் வரைக்கும்தான் போகலாம். கல்லறைத் திருநாளுக்குத் தோட்டத்துக்குள் போய் வெள்ளையடிக்கலாம், விளக்கு வைக்கலாம். புதைக்கிறபோது போகக் கூடாது. வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் இதை மட்டும் விடவில்லை. ஆண்கள் போய்விட்டார்கள். நாங்கள் மரத்தடியில் நின்றோம். அம்மா என் காதோரம் சொன்னாள், "அக்காவத் தூக்கிட்டுப் போனப்பவும் இங்கதான் நின்னேன்."

மீதியை மூன்றாம் நாள் சொன்னாள். பெரியம்மா இறந்தது பேதி ஊரை வாரிக்கொண்டுபோன வருஷம். விடாத மழை. தூக்க ஆள் கிடைக்காமல் அம்மாவின் அப்பாவான எங்கள் தாத்தாவும் இன்னொருவரும்தான் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோனார்கள். அந்த வாரத்திலேயே தாத்தாவுக்கும் பேதி கண்டது, போய்விட்டார். அந்த இன்னொருவரும் செத்தார். குழி வெட்டியவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே வைத்தார்கள் என்று பார்த்த கண் ஒன்றும் மிச்சமில்லை. நட்ட மரச் சிலுவைகளைக் கரையான் தின்றது.

"சண்டை முடிஞ்சு ஒங்கப்பா வந்தாரு. உடுப்பைக்கூட மாத்தல. எங்காத்தா படுத்த படுக்கை. என்னையத்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னாக. தோட்டத்துக்குள்ள போனதும் எங்கன்னு கேட்டாரு. கீழ்க்கோடியில எல்லாம் ஒண்ணாக் கெடக்கு, எதுன்னு சொல்லுவேன்? தெரியலைன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவரு மூஞ்சியப் பாத்தேன். எதுத்தாப்ல மதில் ஓரத்துல ஒரு மேடு தெரிஞ்சுது. கைய நீட்டிட்டேன்டி."

அப்பா அதன்மேல் விழுந்து மண்ணை அள்ளி நெஞ்சில் பூசிக்கொண்டு அழுதாராம். அம்மாவுக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் செங்கல் வந்து இறங்கிவிட்டது. பிறகு கல்யாணம். பிறகு நான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத்தன வருசம் வெறும் பாறைக்கா சுண்ணாம்பு அடிச்ச?"

"அவருக்கு அது பாறை இல்லையே."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்திருக்கேன். அன்னைக்கு நீ அந்த லேயா கதையக் கேட்டப்ப நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு." அம்மா முந்தானையைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். "அப்பொறம் ஒரு நெனப்பு. அங்க அக்கா இல்லைன்னு எனக்குத் தெரியும். அப்ப அந்தப் பக்கம் காலியாத்தான கெடக்கு. நாளைக்கு எனக்கு... அப்படி ஒரு ஆசை வந்துருச்சு. அக்கா மழையில எங்கயோ கெடக்கா, எனக்கு இப்படி ஆசை." என் அம்மா சத்தம்போட்டு அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, எப்ரோன் மறுபடி கை மாறியது. மறுபடி சண்டை. யூதர்கள் இப்போது உள்ளே போய் ஜெபம் பண்ணுகிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. மீமிசல் மாமா அந்தப் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பா இல்லாத வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அம்மா பாயை விரித்தாள்.

"நான் உள்ள போனப்ப அவுக வெளியில நின்னாக. இப்ப அவுக உள்ள போறாக. இனி நம்மாளுக போக முடியுமா, நிறுத்திருவாகளா, ஒண்ணும் தெரியல தங்கச்சி" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அவன் இருந்தா அந்தக் கெழவி உள்ள போனாளான்னு கேப்பான். அவ எங்க இருக்கப்போறா, செத்திருப்பா."

"கீழ எறங்கிப் பாத்தாகளாண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"அது போடலையே."

"போர்வை போத்துனதத்தான் பாத்துட்டு வந்திருப்பாக" என்றாள் அம்மா. மாமா போகும்போது அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அம்மா என் கையை அழுத்திக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை அவருடைய சிநேகிதர் ஆசைப்பட்டவளோடுதான் இருக்கிறார்.

அறுபதுகள் முடிகிற சமயம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. நான் அப்போது திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூலில் வேலை பார்த்தேன். லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். ஒருநாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "என்னைய அங்க வைக்காத" என்றாள்.

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன்.

"மதில் ஓரத்துல வேணாம். கீழ்க்கோடியில வையி. செங்கல் எல்லாம் வேணாம். அங்கிட்டுத்தான் அக்கா எங்கயோ இருக்கா. கைக்குழந்தையோட தனியாக் கெடக்குறா. எங்கன்னு தெரியாட்டியும் அந்தப் பக்கத்துல இருப்பேன்ல."

"அப்பா தனியா இருப்பாரேம்மா."

"அவருக்குத் தெரியாது. அக்காவோட இருக்கிறதாத்தான் நெனச்சுக்கிட்டுப் போனாரு." கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நான் போய் அங்க படுத்தா, எனக்கு எடம் புடிக்கத்தான் அந்தப் பொய்யச் சொன்னேன்னு ஆயிரும்டி."

அவளோடு நான் வாதாடினேன். வயதுவந்த நாளாக நான் சண்டை போட்டுக் கேட்ட இடம் அது. கல்லை நெம்பினால் போதும், பாதி இடம் அவளுக்காகவே காலியாகக் கிடக்கிறது. ஊரில் ஒருத்தர் மறுக்கப்போவதில்லை. அதை வேண்டாம் என்று சொல்ல இவள் யார் என்றுகூடக் கத்திவிட்டேன். அம்மா சிரித்தாள். அந்த மஞ்சள் கண்ணோடு சிரித்தாள். நான் தோற்றுப்போனேன்.

அவள் போன அன்று சித்தப்பா குதித்தார். "புருசன் பக்கத்துல எடம் இருக்கப்ப, பேதியில செத்தவுக நடுவுல கொண்டுபோய் வைக்கிறதா? ஊரு காறித் துப்பாதா?" அவருக்குப் பாறை விஷயம் தெரியும். மீதி தெரியாது. நான் சொல்லவில்லை. அம்மா சொன்னாள், அவ்வளவுதான் என்றேன். சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

பெட்டியைத் தூக்கினார்கள். பூவரச மரத்தடி வந்ததும் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். நான் நிற்கவில்லை. "பொம்பளப் பிள்ள, அங்கனயே நில்லு" என்று சித்தப்பா திரும்பி அதட்டினார். அவர் பேச்சு காதில் விழாத மாதிரி பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். கீழ்க்கோடியில் குழி வெட்டியிருந்தார்கள். மண் பொலபொலவென்று இருந்தது, பலதரம் தோண்டிய மண். தலை எந்தப் பக்கம், மதிலிலிருந்து எவ்வளவு தள்ளி, மண் மூடிய பிறகு மேடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லாவற்றையும் நின்று பார்த்தேன். யாராவது ஒருநாள் அழுதுகொண்டு வந்து எங்கே என்று கேட்டால், பார்த்தவள் ஒருத்தியாவது இருக்க வேண்டும்.